மல்லிப்பூக் கடலையில் எண்ணெய் வருமா?

கடலையை மெஷினில் போட்டால் எண்ணெய் வர வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை என் கண் முன்னால் துவையல் வந்தது.

பேச்சுக்காகச் சொல்லவில்லை. வெள்ளை வெளேரென்று, வழவழவென்று, இட்லிக்குத் தொட்டுக்கொள்ளலாம் போல... உப்பும் மிளகாயும்தான் பாக்கி. மெஷினின் பக்கவாட்டு இடுக்குகள் வழியாக, முறுக்கு பிழிகிற மாதிரி நெளிந்து நெளிந்து இறங்கியது. எண்ணெய் பிடிக்க வைத்திருந்த பாத்திரத்தில் இருந்ததோ — சத்தியமாகச் சொல்கிறேன் — என் தலையில் தேய்க்கக்கூடக் காணாது. என் தலையில் எவ்வளவு முடி இருக்கிறது என்பது இந்தப் பக்கத்தின் உச்சியில் இருக்கும் படத்தைப் பார்க்கிற உங்களுக்கே தெரியும்.

எழுதிப் பிழைக்கிறவனுக்கு எண்ணெய் மில்லில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா?

வீட்டில் கடலை எண்ணெய் தீர்ந்துவிட்டது. 'உங்க சிநேகிதர் சாமிநாதன் புதுசா எக்ஸ்பெல்லர் போட்டிருக்காராமே, போய் நல்ல எண்ணெயா வாங்கிட்டு வாங்க, அப்படியே எழுதறதுக்கும் ஏதாவது கிடைக்கும்' என்று என் மனைவி ஒரு தூக்குவாளியைக் கையில் கொடுத்து அனுப்பினாள். என் பத்தி எந்த லட்சணத்தில் தயாராகிறது என்பதை நான் மறைப்பதில்லை.

சாமிநாதன் கல்லூரியில் எனக்குப் பக்கத்து பெஞ்ச். ஊர், பட்டுக்கோட்டை போகிற வழியில், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடை. தண்ணீர் வந்தால் நெல். வராத வருஷம் மேட்டு மணலில் நிலக்கடலை. ஒரு காலத்தில் ஊர் நிலத்தில் பெரும்பகுதி அவர் குடும்பத்துக்குச் சொந்தம். உச்சவரம்புச் சட்டத்தில் கொஞ்சம் போனது. பாகப்பிரிவினையில் கொஞ்சம் போனது. அத்தைகளின் கல்யாணத்தில் கொஞ்சம் போனது. மிச்சம் இருப்பது கொஞ்சம் நிலமும், அப்பா காலத்து ரைஸ் மில்லும்தான்.

அந்த மில்லுக்கும் இப்போது நெல் வருவதில்லை. எல்லோரும் டவுனில் பெரிய மில்லுக்குப் போய்விடுகிறார்கள். சாமிநாதன் யோசித்தார். மில்லில் ஒரு மூலையைக் காலி செய்து, கடலை ஆட்ட ஒரு எக்ஸ்பெல்லரை நிறுத்தினார். சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, காத்திருந்தார்.

ஒருவரும் கடலை கொண்டு வரவில்லை.

காரணம் மெஷின் இல்லை. கேஸ்.

சாமிநாதனின் எதிராளி பெயர் கலியபெருமாள். அவருடைய அப்பா, சாமிநாதனின் அப்பாவிடம் பண்ணையாளாக இருந்து, பிறகு குத்தகைக்கு உழுதவர். 'குத்தகைதாரர் என்று என் பெயரைப் பதிவு செய்ய வேண்டும்' என்று அவர் கேட்டார். 'முடியாது' என்று சாமிநாதனின் அப்பா சொன்னார். அன்றைக்கு ஆரம்பித்த வழக்கு. இரண்டு அப்பாக்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கேஸ் மட்டும் திடகாத்திரமாக இருக்கிறது. இடையில் எத்தனையோ முறை ஆட்சி மாறியது. ரைஸ் மில் சுவரில் ஒரு சின்னத்தை அழித்து இன்னொரு சின்னம் வரைந்தார்கள். பிறகு அதை அழித்து முந்தையதையே வரைந்தார்கள். வாய்தாவுக்குப் போவது மட்டும் மாறவில்லை. அந்த நிலத்தில் இன்றைக்கும் கலியபெருமாள்தான் உழுகிறார். பதிவு மட்டும் ஆகவில்லை.

இப்படி ஒரு கேஸ் இருக்கிற ஊரில், கலியபெருமாளின் தெருக்காரர்கள் சாமிநாதன் மில்லுக்கு வருவார்களா? அவர்களிடம்தான் கடலை இருக்கிறது. அவர்களிடையே ஒரு பேச்சும் இருந்தது — அங்கே ஆட்டினால் பாதி எண்ணெய் தரைக்கு அடியில் குழாய் வழியாக வீட்டுக்குள்ளே போய்விடுமாம். குழாயைப் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் அது எந்தத் திசையில் போகிறது என்பதுவரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆகவே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, இரண்டு மூட்டைக் கடலையோடு முதலில் வந்து இறங்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? கலியபெருமாளேதான். கூடவே அவர் மனைவி வசந்தா, இடுப்பில் ஒரு தகர டின்னோடு.

அவர் கணக்கு எளிமையானது. டவுன் செக்கில் ஆட்ட வேண்டுமென்றால் ஒரு நாள் பொழுது போகும். அன்றைய கூலியும் போகும். பக்கத்தில் மெஷின் இருக்கும்போது எதற்கு? 'நான் போய் ஆட்டிப் பாக்கறேன். எண்ணெய் சரியா வந்தா எல்லாரும் வாங்க. வரலைன்னா நானும் போகமாட்டேன்' என்று தெருவில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

இதில் என்ன இருக்கிறது என்று சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். எண்ணெய் குறைந்தால் தெரு என்ன சொல்லும்? கலியபெருமாளைப் பார்த்து, 'அப்பன் மாதிரியே ஏமாந்தான்' என்று சொல்லும். சாமிநாதனைப் பார்த்து, 'அப்பன் மாதிரியே ஏமாத்தினான்' என்று சொல்லும். மெஷினை அப்புறம் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும்.

அந்தத் துவையலைத்தான் நான்கு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். துவையல் எப்படி உண்டானது என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

சாமிநாதன் பிறவி நெல்லுக்காரர். நெல்லுக்காரர்களின் மதம் என்ன? உமியை நீக்கு. தவிட்டை நீக்கு. நொய்யை நீக்கு. கறுப்பு அரிசி ஒன்று தெரிந்தாலும் பொறுக்கி எறி. எவ்வளவு வெளுப்போ அவ்வளவு மரியாதை. தஞ்சாவூர் ஜில்லாவில் மாப்பிள்ளை கொஞ்சம் கறுப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். சோறு பழுப்பாக இருந்தால் பந்தியில் சண்டை வரும்.

அதே பக்தியோடு கடலையையும் கையாண்டார். முதல் மூட்டையை உடைத்து, ஓட்டுத் தூள் ஒன்றுவிடாமல் பொறுக்கச் சொல்லி, வெயிலில் காய வைத்து, சாக்கில் போட்டுத் தேய்த்து, மில்லில் இருந்த பழைய காற்றாடியை ஓட்டி சிவப்புத் தோலையெல்லாம் பறக்கவிட்டார். கடைசியில் பருப்பு அரும்பு மாதிரி வெள்ளையாக நின்றது.

“பாத்தியாடா... மல்லிப்பூ” என்றார் என்னிடம்.

கலியபெருமாளும் ஒரு கை அள்ளிப் பார்த்துத் தலையாட்டினார். அவரும் நெல்லுக்காரர்தானே? வசந்தாவும் ஒத்துக்கொண்டார். நானும் ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டு ஆமோதித்தேன். அந்த ஊரில் பல வருஷங்களுக்குப் பிறகு வாதியும் பிரதிவாதியும் ஒரே அபிப்பிராயத்தில் இருந்தார்கள்.

அந்த அபிப்பிராயம் தப்பு.

வசந்தா முதலில் குனிந்து மெஷினுக்கு அடியில் பார்த்தார். குழாய் இல்லை. சுற்றி வந்து பின்பக்கம் பார்த்தார். அங்கேயும் இல்லை. பிறகு நிமிர்ந்து, சத்தம் போடாமல் கேட்டார்:

“எண்ணெய் எங்க சார் போச்சு?”

சாமிநாதனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாசலில், 'சும்மா இந்தப் பக்கமா வந்தோம்' என்று சொல்லிக்கொண்டு தெருக்காரர்கள் சிலர் நின்றிருந்தார்கள். இவர் சட்டென்று என் பையில் கையைவிட்டு ஒரு பத்திரிகையை உருவினார். ஒரு பக்கத்தைக் கிழித்தார். பார்த்தால்... என் பத்தி. அதன்மேல் ஒரு பிடி துவையலை வைத்து அழுத்தி, எடுத்துக் காட்டினார். தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. என் எழுத்து இவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை. பின்பக்கத்து லேகிய விளம்பரம்வரை தெரிந்தது.

எண்ணெய் எங்கேயும் போகவில்லை, இதற்குள்ளேயேதான் இருக்கிறது என்றார் சாமிநாதன்.

“உள்ள இருந்து என்ன சார் பண்றது? தாளிக்க முடியுமா?” என்றார் வசந்தா.

கலியபெருமாள் வாசலில் நின்ற தெருக்காரர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் பயமாக இருந்தது.

இங்கே மெஷினைப் பற்றி இரண்டு வார்த்தை. பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. ஒரு இரும்புக் கூண்டு. அதற்குள் மரை போட்ட தண்டு ஒன்று சுற்றும். இந்தப் பக்கம் கடலையைப் போட்டால், மரை அதை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டே போகும். போகப் போக இடம் குறுகும், கடலை நசுங்கும். கூண்டின் சின்ன இடுக்குகளில் எண்ணெய் வடியும். கடைசி வாயில் புண்ணாக்கு தகடு தகடாக வரும். கடைசிச் சொட்டுவரை எந்த மெஷினும் எடுக்காது. புண்ணாக்கில் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். அதுவும் இல்லாவிட்டால் மாடு எதற்காக வாலை ஆட்டும்? ஆனால் 'கொஞ்சம்' தங்க வேண்டியது 'பூரா' தங்கிவிட்டால்?

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னோம்.

ஈரம் என்றார் சாமிநாதன். மிச்சம் இருந்த மல்லிப்பூவை இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்கிற வெயிலில் போட்டு எடுத்து வந்தார். துவையல் இன்னும் வழவழப்பாக வந்தது.

வாய் இறுக்கம் போதாது என்றார் கலியபெருமாள். கடைசி வாயை இறுக்கினார்கள். மோட்டார் முனகியது. பெல்ட்டிலிருந்து கருகல் வாசனை வந்தது. மெஷினைவிட சாமிநாதன் அதிகமாக முனகினார். திரும்பத் தளர்த்தினார்கள்.

நான் விஞ்ஞானம் படித்தவன். (தேர்வில் என்ன நடந்தது என்பது வேறு விஷயம்.) கடலையைக் கொஞ்சம் சூடு செய்தால் எண்ணெய் இளகும் என்றேன். வாணலியில் வறுத்தார்கள். வாசனை பிரமாதமாக வந்தது. எண்ணெய் முன்னைக்குக் கொஞ்சம் தேவலை. ஆனாலும் துவையல் துவையல்தான். வறுத்த கடலைத் துவையல் என்பதால் ருசி கூடியிருக்கும்.

மத்தியானத்தோடு மும்முனைக் கரண்ட் போய்விடும். அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். எல்லோருக்கும் என்மேல் எரிச்சல், நான் கடலை தின்றுகொண்டே யோசனை சொல்கிறேன் என்று. இரண்டாவது மூட்டையில் கொஞ்சத்தை உடைத்துக் கொட்டி, ஒரு முறத்தையும் என் முன்னால் தள்ளினார் சாமிநாதன். “எழுத்தாளரே, இந்த வேலையாவது பாருங்க. தோலையும் ஓட்டையும் எடுத்துட்டுக் கொண்டாங்க.” அவர் 'ங்க' போட்டால் கோபம் என்று அர்த்தம்.

முறம் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நான் புடைத்தால் கடலை வெளியே பறந்தது. தோல் உள்ளேயே இருந்தது. காற்றுக்கு எதிராக உட்கார்ந்திருக்கிறேன் என்பது தோலெல்லாம் கண்ணாடியில் வந்து ஒட்டியபிறகுதான் தெரிந்தது. ஓட்டுச் சில்லைப் பொறுக்கினேன். ஒன்று எடுப்பதற்குள் இன்னொன்று காணாமல் போனது. அந்தப் பக்கமாகப் போன வசந்தா ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். “இவருக்கு யாரு சார் பொண்ணு கொடுத்தது?” என்று சாமிநாதனிடம் கேட்டுவிட்டுப் போனார்.

ரோஷம் வந்துவிட்டது. போதும் என்று அப்படியே முறத்தோடு தூக்கிக்கொண்டு போய், அவர்கள் மூவரும் வாயை இறுக்குவதா தளர்த்துவதா என்று தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தபோது, மெஷினின் தொட்டியில் கவிழ்த்துவிட்டேன். தோலும் இருந்தது, ஓடும் இருந்தது. யார் பார்க்கப் போகிறார்கள்?

மெஷினின் சத்தம் மாறியது.

அதுவரை சளப் சளப் என்று சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது கடகடவென்று ஒரு பிடிப்போடு பேச ஆரம்பித்தது. மூவரும் திரும்பினார்கள். நான் நைசாக வாசல் பக்கம் நகர்ந்தேன் — மெஷினை உடைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அப்போது இடுக்குகளில் முதலில் ஒரு மினுமினுப்பு. பிறகு சொட்டு. பிறகு தாரை. கடைசி வாயில் துவையல் நின்று, மொரமொரவென்று தகடு தகடாகப் புண்ணாக்கு உதிர்ந்தது. கலியபெருமாள் ஒன்றை எடுத்து உடைத்தார். அப்பளம் மாதிரி உடைந்தது. என் பத்தியின் இன்னொரு பாதியில் வைத்து அழுத்தினார், லேசான கறைதான். லேகிய விளம்பரம் தெரியவில்லை.

“என்னடா போட்ட?” என்றார் சாமிநாதன்.

“நீ சொன்னதைத்தான்...”

வசந்தா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “இவரு எதையும் எடுக்கவே இல்ல சார். தோலு, ஓடு எல்லாம் அப்படியே கிடக்கு.”

என் வாழ்க்கையில் என் சோம்பேறித்தனம் ஒரு தொழிலுக்குப் பயன்பட்டது அதுதான் முதல் முறை.

ஆனால் ஏன்? சுத்தமான கடலையில் எண்ணெய் வராது, குப்பையில் வரும் என்றால் அது என்ன நியாயம்? நான்கு பேரும் மெஷினைச் சுற்றி நின்று யோசித்தோம். தற்செயலா என்று பார்க்க, சாமிநாதன் தன் கையால் ஒரு பிடி ஓட்டுச் சில்லை வெள்ளைக் கடலையில் கலந்து போட்டார். எண்ணெய் வந்தது. சில்லு இல்லாமல் போட்டார். துவையல். மறுபடி சில்லு. எண்ணெய். தற்செயல் இல்லை.

அறுவடை சமயத்தில் டிராக்டர் சேற்றில் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரம் சுற்றும், வண்டி நகராது. என்ன செய்வார்கள்? இரண்டு கட்டு வைக்கோலைச் சக்கரத்தடியில் திணிப்பார்கள். பிடிப்புக் கிடைத்ததும் வண்டி ஏறிவிடும். கூண்டுக்குள் நடந்ததும் அதுதான் என்று பேசிப் பேசி ஒரு வழியாகக் கண்டுபிடித்தோம். மல்லிப்பூக் கடலை வழுக்குகிறது. மரையோடு சேர்ந்து இருந்த இடத்திலேயே சுற்றுகிறது. முன்னால் போகவே இல்லை. போனால்தானே நசுங்கும்? சொரசொரப்பாகக் கொஞ்சம் தோலும் ஓடும் இருந்தால், கூண்டின் சுவரைக் கவ்விப் பிடித்துக்கொண்டு நகர்கிறது. பிழிந்த எண்ணெய் வடியவும் அந்தச் சில்லுகள் வழி விடுகின்றன. நெல்லுக்கு எது அழுக்கோ, அது கடலைக்குக் கைப்பிடி.

எனக்குக் கேட்க வேண்டுமா? கண்டுபிடிப்பாளன் ஆகிவிட்டேன். கொஞ்சம் போட்டால் இவ்வளவு என்றால் நிறையப் போட்டால்? ஒரு கூடை ஓட்டை அள்ளிக்கொண்டு போனேன். இரண்டு முறம் விழுவதற்குள் தாரை மெலிந்து சொட்டாகிவிட்டது. ஓடே எண்ணெயைக் குடிக்க ஆரம்பித்துவிட்டது. வசந்தா என் கையிலிருந்து கூடையைப் பிடுங்கினார். “போதும் சார். இதுக்கு மேல போட்டா மாடு மூஞ்சியத் திருப்பிக்கும்.” புண்ணாக்கைத் தின்னப்போவது மாடுதான் என்பதை எங்கள் ஆராய்ச்சிக் குழுவில் நினைவு வைத்திருந்தது அவர் மட்டுமே.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. இரண்டாவது மூட்டையைத் தோலோடும் கொஞ்சம் சில்லோடும் ஓட்டினார்கள். முதலில் வந்த துவையலையும் சில்லோடு பிசிறிப் போட்டார்கள்; அதுவும் மனம் மாறி எண்ணெயை விட்டது. கரண்ட் போவதற்குள் முடிந்துவிட்டது.

கடைசியாகத் தகர டின். அதன் பக்கவாட்டில் ஒரு நசுங்கல் உண்டு. இரண்டு மூட்டையை டவுன் செக்கில் ஆட்டினால் எண்ணெய் அந்த நசுங்கலுக்குச் சற்றுக் கீழே நிற்குமாம். வசந்தா ஊற்றினார். கலியபெருமாள் குனிந்து பார்த்தார். சாமிநாதன் பார்க்காத மாதிரி பெல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். எண்ணெய் நசுங்கலுக்கு வந்தது... நசுங்கலைத் தாண்டியது... வசந்தா டின்னை வாசல் பக்கமாகத் திருப்பி வைத்தார். தெருக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் போகும்போது மெஷினுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுப் போனார். அதெல்லாம் உடனே போகாது.

சாமிநாதனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவர் நல்ல மனுஷர்தான். நெஞ்சு நிறைந்தால் ஏதாவது பேசிவிடுவார்.

“கலியபெருமாள்... இவ்வளவு ஆச்சு. இன்னும் எதுக்குங்க அந்த கேஸு? வாபஸ் வாங்கிடுங்களேன். நீங்க பாட்டுக்கு உழுங்க, நான் என்னைக்காவது தடுத்தேனா? பேப்பர்லதான் இருக்கணுமா? எல்லாத்தையும் சுத்தமா முடிச்சுக்கலாம்.”

வசந்தா டின்னுக்கு மூடி போடுவதை நிறுத்திவிட்டார்.

கலியபெருமாள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையைத் துடைத்துக்கொண்டார். அவசரப்படவில்லை.

“ரொம்ப சுத்தம் பண்ணா என்ன ஆகும்னு இப்பதானே சார் பாத்தோம்?”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார் கலியபெருமாள்.

“உங்க வாய் வார்த்தை எனக்குப் போதும் சார். எம் பையனுக்கு உங்க பையன் சொல்ற வார்த்தைதான் தெரியாது. பேருன்னு ஒண்ணு பதிவாகணும். கேஸு கேஸா இருக்கட்டும், எண்ணெய் எண்ணெயா இருக்கட்டும். நாளைக்குத் தெரு பூரா கடலை வரும், மெஷினைத் தொடச்சு வைங்க.”

சாமிநாதனுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது. காது சிவந்தது. பெல்ட்டை இன்னும் இரண்டு தேய் தேய்த்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, “அப்ப வாய்தாவுல பாக்கலாம்” என்றார்.

“வாங்க சார். தஞ்சாவூர் பஸ்ஸு அன்னைக்கு ரொம்பக் கூட்டமா இருக்கும். எம் பக்கத்துல துண்டு போட்டு வைக்கிறேன்.”

சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. டின்னோடு அவர்கள் போனபிறகு சாமிநாதனே சொன்னார்: கொஞ்ச காலமாகவே அப்படித்தானாம். கலியபெருமாளின் தெருவில்தான் பஸ் முதலில் நிற்கும். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இரண்டு சீட் பிடித்துவிடுவாராம். அடுத்த நிறுத்தத்தில் இவர் ஏறுவார். சேர்ந்து உட்கார்ந்து போய், கோர்ட்டில் எதிரெதிரே நின்றுவிட்டு, சேர்ந்தே திரும்பி வருவார்களாம்.

கலியபெருமாளின் அப்பா, சாமிநாதனின் அப்பா முன்னால் நிற்கும்போது துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார். நானே பார்த்திருக்கிறேன்.

“ஜன்னல் சீட்டு யாருக்கு?” என்று கேட்டேன்.

அதில்தான் இன்னும் தகராறு இருக்கிறதாம்.